சுண்ணாம்புப் பாறையில் பிறந்த ஆட்டம்

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டத்தை நோக்கிச் செல்லும் சாலையில் வி.கைகாட்டியின் பக்கமாக வரும் பிரயாணிக்கு, ரெட்டிபாளையத்துச் சிமெண்டு ஆலையின் உயர்ந்த கட்டடங்கள் கண்ணுக்குப் புலப்படுவதற்கு முன்பே, சாலையோரத்துச் சீமைக் கருவேல மரங்களின் மீது படிந்திருக்கும் வெண்ணிறத் தூசியானது அந்தப் பிரதேசத்தின் ஜீவனம் எதில் அடங்கியிருக்கிறது என்பதை அறிவித்துவிடும். முதலில் கிராசிம் என்ற பெயராலும் பிற்பாடு அல்ட்ராடெக் என்ற பெயராலும் நடந்துவரும் இந்த ஆலையும், அரியலூரிலேயே 1979-ஆம் ஆண்டு முதல் இயங்கும் அரசாங்கச் சிமெண்டு ஆலையும், அதற்கும் நாற்பது ஆண்டுகள் முந்தியதான கல்லக்குடி டால்மியா ஆலையும், இன்னும் இவற்றைச் சூழ்ந்துள்ள பல ஆலைகளும் ஒரே பொருளைத் தேடித்தான் இங்கே வந்தன. அந்தப் பொருள் சுண்ணாம்புக்கல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் இந்தப் பூமியின் மேல் ஒரு சமுத்திரம் புரண்டுகொண்டிருந்தது என்பதற்கும், அதில் வாழ்ந்து மடிந்த ஜீவராசிகளின் ஓடுகளே படிந்து இறுகிப் பாறையாயின என்பதற்கும் அந்தக் கல்லே சாட்சியாகும். லாரிகள் போகும் சுரங்கப் பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்தால், அடுக்கடுக்காகத் தெரியும் பாறையில் சிப்பிகள் செருகியபடியே இருப்பதைச் சிறுபிள்ளைகூடச் சுட்டிக்காட்டும்.

இப்படிப்பட்ட ஊரைப் பற்றி எழுதப் புகுந்தவன் வீடியோ கேம் என்னும் நவீன விநோதத்தைப் பற்றிப் பேச்செடுப்பது பலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால், வீரனொருவன் வாளும் விளக்கும் ஏந்தி அறியாத நிலத்துக்குள் புகுந்து, பகைவரை வென்று, பூட்டைத் திறந்து, புதையலைக் கண்டடையும் அந்தச் சாகச ஆட்டங்களின் பூர்வ சரித்திரத்தைத் தேடிக்கொண்டு போனால், நாம் போய்ச் சேருமிடம் கம்பியூட்டர்க் கம்பெனியொன்றின் வாசலன்று. சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் அரித்து உண்டாக்கிய ஒரு குகையின் வாசல்.

அமெரிக்காவின் கென்டக்கி மாகாணத்தில் மாமத் குகை என்று ஒன்று இருக்கிறது. உலகத்திலேயே மிக நீளமான குகை அதுவே. நம் அரியலூர்ப் பாறையைவிடப் பல மடங்கு வயது முதிர்ந்த, முப்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சுண்ணாம்புப் பாறையில் அது குடையப்பட்டிருக்கிறது. அதனுள்ளே வயிற்றால் ஊர்ந்து சென்று, அளவெடுத்து, வரைபடம் தீட்டுவதையே தம் ஓய்வுநேர விரதமாகக் கொண்டிருந்த ஒரு சிறு கூட்டத்தில், வில் குரோதர் என்ற கம்பியூட்டர் நிபுணரும் அவர் மனைவி பட்ரீஷியாவும் இருந்தார்கள். இன்றைய இணையத்தின் மூதாதையாகிய ஆர்பாநெட் என்ற வலையமைப்பை உருவாக்கிய நிறுவனத்தில் குரோதர் உத்தியோகம் பார்த்தார். பட்ரீஷியாவோ மெலிந்த சரீரமுடையவர்; ஆகவே மற்றவர் நுழையத் தயங்கிய இடுக்குகளில் புகுந்து செல்லும் ஆற்றல் அவருக்கு வாய்த்திருந்தது. பக்கத்துப் பிளின்ட் ரிட்ஜ் குகைத் தொகுதியும் மாமத் குகையும் ஒன்றோடொன்று இணைந்தவையே என்பதை 1972-ஆம் ஆண்டு செப்டம்பரில் நடந்தே சென்று நிரூபித்த குழுவில் அந்த அம்மையாரும் ஒருவர். குகை ஆராய்ச்சியில் ஈடுபட்டோருக்கு அது ஓர் இமயமலைச் சிகரத்தை எட்டியதற்குச் சமானமான காரியம்.

அதன் பின்னர்ச் சில ஆண்டுகளில் அந்தத் தம்பதியர் பிரிந்தனர். தம்மை விட்டுத் தூரப்பட்டுப்போன இரு பெண்குழந்தைகளும் தம்மிடம் வரும்போது விளையாட ஏதேனும் ஒன்று வேண்டுமென்ற ஆசையினாலும், குகைப் பிரயாணங்களை விட்டுவிட்ட ஏக்கத்தினாலும், 1975-76 வாக்கில் குரோதர் தாம் நன்கறிந்த குகைப்பகுதியை வார்த்தைகளாலேயே கம்பியூட்டருக்குள் எழுப்பினார். அதில் படம் கிடையாது; சத்தம் கிடையாது. நீ ஒரு சாலையின் முடிவில் நிற்கிறாய், உன் எதிரே ஒரு சிறு கட்டடம் இருக்கிறது என்ற மாதிரியில் எந்திரம் அச்சடித்துச் சொல்லும். ஆடுபவர் வடக்கே போ, விளக்கை எடு என்பன போன்ற இரண்டு சொற்களில் கட்டளையிட வேண்டும். இவ்வளவே அதன் ஸ்வரூபம். மறுவருஷம் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த டான் வுட்ஸ் என்பவர் அதைக் கண்டெடுத்து, ஆசிரியரின் அனுமதியோடு மாயாஜாலங்களையும் குள்ளர்களையும் புதையல்களையும் பெருக்கி வெளியிட்டார். அட்வெஞ்சர் என்று வழங்கிய அந்த ஆட்டம், அமெரிக்கக் கம்பியூட்டர்க் கூடங்களில் சில வாரங்கள் வேலையே நடவாதபடி செய்துவிட்டதாக ஒரு கதை உண்டு. கதை சற்று மிகையாக இருக்கலாம். ஆனால் உத்தியோகஸ்தர்களின் சுபாவத்தை அறிந்தவர்கள் அதை முற்றிலும் பொய்யென்று தள்ளமாட்டார்கள். பிற்காலத்தில், மூல நிரலைத் தேடியெடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு குகைக்குள்ளேயே இறங்கிப் பார்த்த ஓர் ஆராய்ச்சியாளர், ஆட்டத்தில் சொல்லப்பட்ட அறைகளும் வழிகளும் பெரும்பாலும் உள்ளபடியே இருப்பதை 2007-ல் எழுதி வெளியிட்டார். ஆட்டத்தை மட்டும் ஆடிப் பழகியவர்கள் குகைக்குள் வழி தவறாமல் நடந்தார்கள் என்ற செய்தியும் குகைக்காரர்களிடையே வழங்கிவருகிறது.

சொல்லால் ஆகிய அந்தக் குகைக்குக் கண்ணால் காணும் உருவம் கொடுத்தவர் வாரன் ராபினெட். குரோதரும் வுட்ஸும் செய்ததை ஆடிப் பார்த்துப் பரவசமடைந்த அவர், அடாரி நிறுவனத்தின் எந்திரத்துக்காக 1980-ஐ ஒட்டி அதே பெயரில் ஓர் ஆட்டத்தை அமைத்தார். அதில் கதாநாயகன் ஒரு சிறு சதுரம். பறவைநாகங்களோ பார்வைக்கு வாத்துகளைப் போலவே இருக்கும். நிரல் முழுவதையும் நாலாயிரத்துச் சொச்சம் பைட்டுகளுக்குள் அடக்கவேண்டிய நிர்ப்பந்தம் இருந்தும், முப்பது அறைகளை அவர் அதில் கட்டிவிட்டார். ஆட்டத்தை ஆக்கியவரின் பெயரை உறையில் அச்சிடுவதில்லை என்பது அந்நாளில் அடாரியின் வழக்கம். அந்த அநீதிக்குப் பழிவாங்கும் உபாயமாக, யாரும் எளிதில் காண இயலாத ஓர் அறையில் தம் பெயரை எழுதி ஒளித்துவைத்து, எவரிடமும் சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விட்டார் அவர். அதை ஒரு சிறுவன் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிய பிறகே ரகசியம் வெளிப்பட்டது. கருவறைச் சுவரின் மறைவில் தன் உருவத்தைச் செதுக்கிவிட்டுப் போன சிற்பிகளைப் பற்றிக் கேள்வியுற்ற நமக்கு இந்தச் செய்கை அந்நியமாகத் தோன்றாது.

ஜப்பானிலும் இந்த வித்தையின் வேர் மண்ணில்தான் இருந்தது. 1986-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த செல்டா ஆட்டத்தைப் படைத்த ஷிகெரு மியமோட்டோ, கியோட்டோவை அடுத்த சோனொபே என்ற கிராமப்புறத்தில் பிள்ளைப் பிராயத்தைக் கழித்தவர். வரைபடம் எதுவுமின்றிக் குன்றுகளில் அலைந்து திரிந்து, எதிர்பாராமல் ஓர் ஏரியைக் கண்டதையும், லாந்தர் விளக்கோடு ஒரு குகைக்குள் நுழைந்ததையும் அவரே பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். ஜோர்டன் மெக்னர் 1989-ல் வெளியிட்ட பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவிலோ நிலத்தின் இடத்தை உடல் பிடித்துக்கொண்டது. தம் தம்பியை ஓடவும் தாவவும் சொல்லிப் படம் பிடித்து, அந்த அசைவுகளை ஒவ்வொன்றாகப் பிரதிசெய்து அவர் இளவரசனுக்கு உயிரூட்டினார். அதன்பின் 1996-ல் இங்கிலாந்தின் டெர்பி நகரத்திலிருந்து டூம் ரைடர் வந்தது. தேடித் திரியும் நிலமும், தாவி ஏறும் உடலும், ஆபத்தான பகையும் மூன்று பரிமாண உலகத்தில் ஒன்றாகக் கூடிய பிறகு, இன்று நாம் அறியும் சாகச ஆட்டம் பூரண வடிவை அடைந்துவிட்டது எனலாம்.

இவையெல்லாம் தூரதேசங்களில் நடந்தவை. நம் பக்கத்துச் சிற்றூர்களுக்கு இந்த விளையாட்டு வந்த வழி வேறு. தொண்ணூறுகளில், ஜப்பானிய ஆட்ட எந்திரத்தைப் பார்த்துச் செய்த மலிவான நகல்கள் டெலிவிஷனோடு இணைக்கப்பட்டு, கேசட்டைச் செருகினால் மாரியோவும் காண்ட்ராவும் ஓடத் தொடங்கிய காலத்தில், மணிக்கு இவ்வளவு என்று வசூலித்து ஆடவிடும் வீடியோ கேம் கடைகள் தாலுகாத் தலைநகரங்களிலும் முளைத்தன. லட்சக்கணக்கான ஆட்டங்கள் உள்ளே இருப்பதாக அந்தக் கேசட்டுகளின் மேல் அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை சிலவே, பெயரை மாற்றி மாற்றித் திரும்ப வரும். பிறகு பிரவுசிங் சென்டர்கள் வந்தன, ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ-யும் வைஸ் சிட்டியும் அங்கே குடிபுகுந்தன. 2006 முதல் அரசாங்கம் வழங்கிய இலவசக் கலர் டெலிவிஷன் கடையில் ஆடிய ஆட்டத்தை வீட்டுத் திண்ணைவரை கொண்டுவந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டமோ இந்தச் சரித்திரத்தில் ஒரு யுகசந்தி என்றே சொல்லத்தகும். படிப்புக்கென்று கொடுத்ததை ஆட்டத்துக்குப் பயன்படுத்தினார்களே என்று அக்காலத்தில் அங்கலாய்த்தவர் பலர். அந்தக் குறையில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் சிமெண்டு லாரி ஓட்டுபவரின் மகனும், முந்திரிக்காட்டில் கூலிக்குச் செல்பவரின் மகளும், தமக்கே உரிய கம்பியூட்டர் ஒன்றை முதன்முதலாகத் தொட்டது அப்போதுதான். தொட்டதும் பெரும்பாலோர் முதலில் தேடியது ஆட்டமே என்பதையும் சரித்திரம் எழுதுகிறவன் மறைக்கலாகாது.

என்னைப் போன்ற முதியவர்களுக்கு அந்தப் பாக்கியம் வெகு தாமதமாகவே கிட்டியது. விடுமுறைக்கு வந்த என் மருமகன் தன் எந்திரத்தின் முன் என்னை உட்காரவைத்து, 2017-ல் நாட்டி டாக் நிறுவனம் வெளியிட்ட அன்சார்டெட் வரிசையைச் சேர்ந்த தி லாஸ்ட் லெகஸி என்ற ஆட்டத்தைத் தொடங்கிக் கொடுத்தான். அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் கதை நம் தேசத்தில் நடப்பதுதான். குளோயி பிரேசர் என்ற பெண், நதீன் ராஸ் என்ற துணையோடு, ஹொய்சளர்கள் விட்டுச்சென்றதாகக் கற்பிக்கப்பட்ட கணேசரின் தந்தத்தைத் தேடி மேற்குத்தொடர்ச்சி மலைக்குள் புகுகிறாள். அந்தத் தொடக்கப் பொழுதில் எனக்கு உண்டான எண்ணங்களை இங்கே குறித்துவைப்பது சரித்திரத்துக்குப் புறம்பானதன்று என்று கருதுகிறேன். ஏனெனில், நூல்களில் படித்த குகைக் கதையின் தாத்பரியம் கையிலுள்ள கருவியில் கட்டைவிரலை அழுத்தியபோதுதான் எனக்கு விளங்கிற்று.

முதலில் கிடைத்தது அவமானம். ஒரு விரல் நடக்கவும், மற்றொரு விரல் பார்வையைத் திருப்பவும் வேண்டியிருக்க, நான் நடக்க நினைத்தபோது வானத்தைப் பார்த்தேன். பார்க்க நினைத்தபோது சுவரில் போய் முட்டினேன். எதிரி எவனும் எதிர்ப்படாத முன்னரே, பாறை விளிம்பிலிருந்து விழுந்து அந்தப் பெண்ணைப் பலமுறை கொன்றுவிட்டேன். மரணம் இவ்வளவு மலிவாகவும் மறுஜன்மம் இவ்வளவு விரைவாகவும் கிடைக்கும் உலகத்தில் பயம் என்ற உணர்ச்சி எப்படித் தங்கும் என்று முதலில் ஐயுற்றேன். ஆயினும் தங்கத்தான் செய்கிறது; விழும் ஒவ்வொரு தரமும் வயிற்றுக்குள் ஒன்று சுருண்டது. சண்டை வந்தபோது என் நிலை இன்னும் பரிதாபம். “மாமா, சுடுறதுக்கு அவசரப்படாதீங்க, மொதல்ல சுத்திப் பாருங்க” என்று அந்தப் பிள்ளை சொன்னான். அது நல்ல உபதேசம்.

சுற்றிப் பார்க்கத் தொடங்கிய பிறகே ஆட்டம் தொடங்கியது. ஒரு பெரிய பள்ளத்தாக்கில் ஜீப்பைக் கொடுத்து, இதில் எங்கு வேண்டுமானாலும் போ என்று விட்டுவிடுகிறார்கள். நடுவிலுள்ள பழைய கோபுரத்தின் மேல் ஏறி நின்றபோது, நாற்புறமும் அருவிகளும் இடிந்த கோட்டைகளும் காட்சிதர, குளோயி தன் கையிலுள்ள காகித வரைபடத்தை விரித்துக் கண்ட இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்கிறாள். அதன் பின்னர் எனக்குச் சண்டையிலும் புதையலிலும் இருந்த நாட்டம் குறைந்து, அந்த நிலத்தை அறிந்துகொள்வதிலேயே சிந்தை சென்றது. எந்தச் சரிவில் ஜீப் வழுக்கும், எந்த அருவியின் பின்னால் வழி இருக்கும், எந்தத் தூணை நோக்கிப் போனால் வந்த பாதை அகப்படும் என்பவையெல்லாம், யாரும் கற்பிக்காமலே என்னுள் படிந்துவிட்டன. குகையை நேசித்த ஒருவர் வார்த்தைகளால் செய்ததைத்தான் நூற்றுக்கணக்கான சித்திரக்காரர்கள் கூடி ஒளியாலும் நிழலாலும் இங்கே செய்திருக்கிறார்கள். கதையைவிட, ஆயுதத்தைவிட, நிலமே இவ்வகை ஆட்டத்தின் பிரதான பாத்திரம் என்ற அபிப்பிராயம் எனக்கு அன்று ஏற்பட்டது. பிற்பாடு வேறு ஆட்டங்களைப் பார்த்தும் அது மாறவில்லை.

நிலம் பிரதான பாத்திரமானால், அந்த நிலத்தை ஆக்கியவர் அதில் நடந்து பார்த்தவர்தானா என்ற கேள்வி பிறக்கிறது. இந்தியாவைக் காட்டும் ஆட்டங்களில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடை அவ்வளவு திருப்தியானதன்று. 1998-ல் வந்த மூன்றாவது டூம் ரைடர் இந்தியக் காட்டில் ஆரம்பமாகிறது. புலி பாய்கிறது, குரங்குகள் மருந்துப்பெட்டியைத் திருடிக்கொண்டு ஓடுகின்றன (இது மட்டும் நம் மலைக்கோயில்களுக்குப் போய்வந்தவர்கள் சாட்சி சொல்லக்கூடிய உண்மை), கோயிலுக்குள்ளே பல கைகளில் வாளேந்திய தெய்வச்சிலை உயிர்பெற்றுக் கதாநாயகியை வெட்டவருகிறது, அப்பால் கங்கை ஓடுகிறது, காளியன் பெயரால் பாம்புகள் நிறைந்த குகையும் இருக்கிறது. பத்துப் புத்தகங்களின் அட்டைப்படங்களை ஒன்றாக ஒட்டியதுபோன்ற தேசம் அது. லாஸ்ட் லெகஸி அதைவிடப் பன்மடங்கு மரியாதையும் சிரத்தையும் உடையது. ஹொய்சளச் சிற்பங்களின் வேலைப்பாட்டை உற்றுப் பார்த்துச் செய்தவர்கள் என்பதில் சந்தேகமில்லை. இருந்தாலும், இன்றைக்கும் பஸ் ஓடும் ஊர்களாகிய பேலூரும் ஹளேபீடும் அதில் காடு மூடிய மர்ம நகரங்களாகிவிடுகின்றன. ஹொய்சளர்களைத் தேடி அவ்வளவு தூரம் மலையேற வேண்டியதும் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஹொய்சள அரசன் வீர சோமேசுவரன் தன் தென்னாட்டுத் தலைநகரை அமைத்தது சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரில். அங்கே அவன் எடுப்பித்த போசளேசுவரம் இன்று போஜீசுவரர் கோயில் என்று வழங்குகிறது. சமயபுரத்து மாரியம்மனைத் தரிசிக்க அரியலூரிலிருந்து செல்பவர்களில் எத்தனை பேர் அந்தக் கோயிலுக்குள் எட்டிப் பார்க்கிறார்களோ!

நம்மவர்களும் வாளாவிருந்துவிடவில்லை. புனேயைச் சேர்ந்த நோடிங் ஹெட்ஸ் என்ற சிறு குழுவினர் 2020-ல் ராஜி என்ற சாகச ஆட்டத்தை வெளியிட்டார்கள். அசுரர் கவர்ந்துசென்ற தம்பியைத் தேடி, கூத்தாடிப் பெண்ணொருத்தி திரிசூலமும் வில்லும் ஏந்திப் புறப்படுகிறாள்; துர்க்கையும் விஷ்ணுவும் தமக்குள் சம்பாஷித்துக் கதையை நடத்துகிறார்கள்; ராஜஸ்தானத்துக் கோட்டைகளின் சாயலும் பஹாரிச் சித்திரத்தின் வண்ணமும் திரையெங்கும் நிறைந்திருக்கின்றன. பொதுமக்களிடம் நிதி திரட்டும் முயற்சி தோல்வியுற்றபோது, நிறுவியவர்களில் ஒருவர் தம் வீட்டையே விற்றுக் காரியத்தைத் தொடர்ந்தார் என்பது இதழ்களில் வெளிவந்த செய்தி. சண்டை முறையில் சில இடங்களில் கரடுமுரடு உண்டு. ஆட்டமும் சட்டென்று முடிந்துபோகிறது. ஆனால் தெரிந்த மண்ணில் நடக்கிறோம் என்ற நிச்சயம் அதில் இருக்கிறது. தமிழர் பங்கைச் சொல்வதானால், கனடாவின் டொரான்டோவிலிருந்து விசை நிறுவனம் 2023-ல் கொண்டுவந்த வெண்பாவைச் சொல்லவேண்டும். அது வாளேந்தும் ஆட்டமன்று. புலம்பெயர்ந்த தமிழ்த் தாயொருத்தியின் சமையற்கட்டே அதன் உலகம். இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்பதுதான் அதில் வரும் முதற் சோதனை. மறு ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா பரிசை, முதற்படைப்புக்கான பிரிவில், அது பெற்றது. தமிழ் வீட்டின் அடுப்படி உலக அரங்கில் ஏறிவிட்டது; தமிழ் நிலத்தின் காடும் மேடும் பள்ளமும் இன்னும் ஏறவில்லை.

ஏறுவதற்கு வேண்டிய சாமக்கிரியை ரெட்டிபாளையத்தைச் சுற்றிலும் குவிந்து கிடக்கிறது. இந்த மண்ணில் முதன்முதலாக அறிவுவேட்டை ஆடியவர்கள் 1840-ஐ ஒட்டி இங்கே புதைபடிவங்களைச் சேகரித்த கேயும் கன்லிஃபும் என்ற இரு ஆங்கிலேயர்கள். அவர்கள் அனுப்பியவற்றை லண்டனில் எட்வர்டு போர்ப்ஸ் ஆராய்ந்து 1846-ல் எழுதினார். பின்னர் ஹென்றி பிளான்போர்டு கிராமம் கிராமமாக நடந்து பாறைகளின் அடுக்கை வகுத்தார்; ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் கொடுத்த பகுப்பின் பெயர்கள் இன்றும் உலக நூல்களில் நிலவுகின்றன. மொராவியாவில் பிறந்து கல்கத்தாவில் பணியாற்றிய பெர்டினண்டு ஸ்டொலிஸ்கா, இந்தச் சிப்பிகளையும் சுருள்கொண்ட அம்மோனைட்டுகளையும் பற்றி ஆண்டுக்கணக்கில் எழுதிப் பெருங்கிரந்தங்களாக்கினார். 1874-ல் மத்திய ஆசியப் பிரயாணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் உயிர்நீத்தபோது அவருக்கு நாற்பது வயதும் நிரம்பவில்லை. நம் பூஜையறைச் சாளக்கிராமமும் இமயத்துப் பாறையில் கிடைக்கும் அம்மோனைட்டே என்பதை அறிந்தால், காரை என்னும் ஊரின் மேட்டில் மழைநீர் அறுத்த செம்மண் ஓடைகளில் நடக்கும் கால்கள் சற்றே தயங்கும். பெரம்பலூருக்குரிய சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளமுள்ள அடிமரமொன்று கல்லாகிக் கிடக்கிறது, 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்து சொன்னார். கல்லமேட்டில் மாட்லி என்ற துரை தேடிய டைனசர் எலும்புகளின் தொடர்ச்சியாக, பின்வந்த இந்திய ஆராய்ச்சியாளர்கள் 1980-களில் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்ட பிரம்மாண்டமான ஜந்துவின் எலும்புகளைக் கண்டார்கள். ஆனால் அந்த எலும்புகள் சிதைந்து அழிந்துபோயின. இவை போதாவென்றால் கங்கைகொண்ட சோழபுரமும், மாளிகைமேட்டு அகழ்வாய்வும், சோழகங்கம் என்னும் பேரேரியும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. கடலடியும் அரண்மனையும் ஒரே பாதையில் வாய்த்த பூமி வேறு எங்கே இருக்கிறது?

ஆதலால், அரியலூரிலுள்ள அண்ணா பல்கலைக்கழகப் பொறியியற் கல்லூரியிலும், பெரம்பலூர்க் கல்லூரிகளிலும் கம்பியூட்டர் கற்கும் இளைஞர்களுக்கும், அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆட்டம் செய்யும் மென்பொருள்கள் இன்று காசில்லாமலே கிடைக்கின்றன. அவற்றைத் திறப்பதற்கு முன், குரோதர் செய்ததுபோல, ஒரு நோட்டுப்புத்தகத்தோடு காரைக்கும் கல்லமேட்டுக்கும் சாத்தனூருக்கும் போய் நடந்து, எது எங்கே இருக்கிறது என்று கையால் ஒரு வரைபடம் எழுதுங்கள். வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் ஒரு முழுநாள் செலவழியுங்கள். சுரங்கத்தைப் பார்க்க வேண்டுமானால் ஆலையாரின் அனுமதி பெற்றே இறங்குங்கள். கிடைக்கும் கல் எதையும் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். சிமெண்டுக்காக வெட்டப்படும் பாறை ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டிருக்கிறது. ஆகையால் இந்தக் காரியத்தை இந்தக் கோடையிலேயே தொடங்குங்கள்.